ஏஐ எழுதின கோடுக்கு உங்க டீமேட் சாவி எதுக்கு?

செஞ்சியில் நெல் மண்டி வைத்திருக்கும் நம்ம நேயர் ஒருவர் கேட்ட கேள்வி இது. "சார், நிஃப்டி ஒரே நாளில் 2 சதவீதம் இறங்கினா தானா இடிஎஃப் வாங்குற மாதிரி ஏஐகிட்ட பைத்தான் கோடு எழுதி வாங்கிட்டேன். நல்லா ஓடுது. கடை லேப்டாப்லயே ஓட விட்டுடலாமா?"

விடாதீங்க.

கோடு தப்புன்னு சொல்ல வரல. ஆனா அந்த லேப்டாப்பில் வேற என்னென்ன இருக்குன்னு யோசிங்க. டேலி கணக்கு, ஜிஎஸ்டி லாகின், குரோமில் சேமிச்சு வெச்ச நெட்பேங்கிங் பாஸ்வேர்டு, வாட்ஸ்அப் வெப். நீங்க ஓட்டுற கோடுக்கு, உங்க கை எட்டுற இடமெல்லாம் எட்டும். நீங்க அழிக்கக்கூடிய ஃபைலை அதுவும் அழிக்கும்.

2025 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்க. சாஸ்டர் நிறுவனர் ஜேசன் லெம்கின், ரெப்ளிட் தளத்தின் ஏஐ ஏஜென்ட்டை வைத்து ஒரு ஆப் கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று தெளிவாகச் சொல்லியும், 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரம் இருந்த நிஜ டேட்டாபேஸை அது அழித்தது. திரும்ப எடுக்க முடியாதுன்னு வேற சொன்னது. முயன்று பார்த்தால் எடுக்க முடிந்தது! ரெப்ளிட் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டு, சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தனித்தனியாகப் பிரிப்பதாக அறிவித்தார். கவனிங்க, ஏஐக்கு இன்னும் புத்தி சொல்றோம்னு விடல. நடுவில் சுவர் எழுப்பினாங்க.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. ஏஐ சில சமயம் உலகத்திலேயே இல்லாத ஒரு லைப்ரரி பேரைச் சொல்லி "பிப் இன்ஸ்டால்" பண்ணச் சொல்லும். அந்தப் பேரில் ஒரு திருடன் முன்கூட்டியே பொதியைப் பதிவு பண்ணி வெச்சிருந்தா? இன்ஸ்டால் ஆகும்போதே உங்க பாஸ்வேர்டு கிளம்பிடும்.

இதுக்குத்தான் சாண்ட்பாக்ஸ். லாட்ஜ் ரூம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. கிளவுடில் ஒரு காலி கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து, கோடை அங்கே ஓட்டி, விடையை மட்டும் வாங்கிக்கிட்டு, அந்தக் கம்ப்யூட்டரையே அழிச்சுடறது. அமேசான் 2018-இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் மாதிரி தொழில்நுட்பத்தில் இப்படி ஒரு அறை நொடிக்கும் குறைவான நேரத்தில் தயாராகிடும். நமக்கு அவ்வளவுகூட வேண்டாம்; இலவச கூகுள் கோலாப் போதும்.

செஞ்சிக்காரங்களுக்கு இதை விளக்குறது சுலபம். ராஜகிரி உச்சியைத் தொடுறதுக்கு முன்னாடி பாறையில் ஒரு பெரிய பிளவு, அதுமேல ஒரு பாலம் இருக்கே? அந்தப் பாலத்தை எடுத்துட்டா உச்சிக்கும் கீழ்க்கோட்டைக்கும் தொடர்பு கிடையாது. 1690-இல் தொடங்கி 1698 வரை முகலாயப் படையை இந்தக் கோட்டை இழுத்தடிச்சதுன்னா, இப்படிப்பட்ட அமைப்பும் ஒரு காரணம். சாண்ட்பாக்ஸில் இதை அப்படியே திருப்பிப் போடுறோம். யாருன்னு தெரியாத ஆளை உச்சியில் விட்டு, பாலத்தை எடுத்துடறோம். நெல் களஞ்சியம் கீழேயே பத்திரமா இருக்கும்.

ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க தெரியுமா? உச்சியில் விட்டுட்டு, களஞ்சியச் சாவியையும் கையில் குடுத்துடறாங்க! கோலாபில் கூகுள் டிரைவை இணைக்கிறதும், புரோக்கரோட ஏபிஐ கீயை கோடுக்குள்ளேயே ஒட்டுறதும் அதுதான்.

"கீ போனா என்ன சார், பணம் என் பேங்க் கணக்குக்குத்தானே வரும்?" அப்படின்னு கேட்பீங்க. பணத்தை வித்டிரா பண்ண வேண்டிய அவசியமே திருடனுக்கு இல்ல. யாரும் சீண்டாத ஒரு ஆப்ஷனை அவன் கணக்கிலிருந்து அநியாய விலைக்கு விற்பான், உங்க கணக்கில் அதை வாங்க வைப்பான். உங்க நஷ்டம் அவன் லாபம். பார்த்தா சாதாரண டிரேடு மாதிரியே இருக்கும்.

செபி 2025 பிப்ரவரி 4-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, சில்லறை முதலீட்டாளர்களின் ஏபிஐ ஆர்டர் பதிவு செய்த ஸ்டாட்டிக் ஐபியிலிருந்துதான் வரணும்னு சொல்லுது. நல்ல விதி. இதுக்காக நிறைய பேர் ஒரு விபிஎஸ் வாடகைக்கு எடுத்து, கீ, ஆர்டர் கோடு, ஏஐ எழுதின சோதனைக் கோடு எல்லாத்தையும் அதிலேயே போட்டுடறாங்க. விபிஎஸ் லாட்ஜ் ரூம் இல்லைங்க, அது வீடு. தினமும் அழியாது. சோதனைக் கோடு அந்தப் பக்கமே போகக் கூடாது.

மண்டி நேயருக்கு என் பதில் இதுதான். பழைய விலைப் பட்டியலை சிஎஸ்வி ஃபைலா இறக்கி, கோலாபில் ஏத்தி, உங்க 2 சதவீத யோசனை லாபம் தருமான்னு பாருங்க. டிரைவை இணைக்காதீங்க, கீ எதுவும் குடுக்காதீங்க. நிஃப்டி ஒரே நாளில் 2 சதவீதம் இறங்குறது வருஷத்துல சில நாள்தான். அதுக்கு ஒரு ரோபோ எதுக்கு? புரோக்கர் ஆப்பிலேயே அலர்ட் வெச்சுக்கோங்க. போன் சிணுங்கினா, மூட்டை எடை போடுறதை ரெண்டு நிமிஷம் நிறுத்திட்டு நீங்களே வாங்குங்க.

அப்புறம், மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டை சாட்ஜிபிடியில் ஏத்தி அலசச் சொல்றவங்களுக்கு ஒண்ணு. அங்கே கோடு அவங்க சர்வரில் தனி அறையில்தான் ஓடும், உங்க லேப்டாப்புக்கு ஆபத்தில்ல. ஆனா ஃபைல் அவங்ககிட்ட போயிடுது. பேர், பான் நம்பர், ஃபோலியோ நம்பர் மூணையும் அழிச்சுட்டு ஏத்துங்க.