பள்ளியின் சாவி யார் கையில்?



கனடாவின் டொரண்டோ நகரில் குடியேறிய உறவினர் உங்கள் குடும்பத்தில் இருக்கக்கூடும். அங்குள்ள அரசுப் பள்ளிகள் நடக்கும் முறையை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்; வியப்படைவீர்கள்.

1998ஆம் ஆண்டு, நகரின் பல கல்வி வாரியங்கள் ஒன்றாக்கப்பட்டு டொரண்டோ மாவட்டக் கல்வி வாரியம் உருவாயிற்று. சுமார் 580 பள்ளிகள், 22 வட்டங்கள். வட்டத்துக்கு ஓர் உறுப்பினரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். பள்ளிதோறும் பெற்றோரே பெரும்பான்மையாய் அமரும் குழு ஒன்றுண்டு; அதன் தலைமையும் பெற்றோருக்கே. தாய்மொழி வகுப்பு வேண்டுமெனக் குறித்த எண்ணிக்கையிலான பெற்றோர் எழுதிக் கேட்டால், வாரியம் அதனை நடத்தியாக வேண்டும். தமிழும் அவ்வாறு கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. (நம்மூர்ப் பெற்றோர் மனு எழுதுவதோடு சரி, பதில் வந்ததா என்று கேட்பவர் சிலரே.)

ஆனால் பணப்பை வேறிடத்தில். முன்னர் வாரியங்கள் சொத்துவரி விகிதத்தைத் தாமே நிர்ணயித்தன. 1998 முதல் அவ்வதிகாரம் ஒன்டாரியோ மாகாண அரசிடம் சென்றது. 2025 ஜூன் மாதம், நிதி நிர்வாகம் சீராக இல்லையெனக் கூறி, அவ்வரசு மேற்பார்வையாளர் ஒருவரை நியமித்து, முடிவெடுக்கும் அதிகாரத்தை அவரிடம் ஒப்படைத்தது.

கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும், கற்றலில் பின்தங்கிய மகனுக்குத் தனி ஆசிரியர் வேண்டும் ஒரு தாய், அதுவரை தன் வாக்கை நாடி வந்தவரிடமே முறையிட முடிந்தது. நியமிக்கப்பட்டவரோ அவளிடம் வாக்குக் கேட்டு வாசலுக்கு வரப்போவதில்லை.