ஊன் உண்பார்க்கும் அருள் வேண்டும்!

கள்ளக்குறிச்சிச் சிற்றூர்களிலும் கல்வராயன் மலையிலும் பிள்ளைபோல் வளர்த்த கிடாவையே விழாவில் வெட்டி உறவோடு பகிர்ந்துண்பர். கோயில்களில் உயிர்க்காவைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2003இல் கடுமையாகச் செயற்படுத்த முனைந்தது. மக்கள் எதிர்த்தனர், 2004இல் அச்சட்டமே நீக்கப்பெற்றது. கோயில்முன் வெட்டினால் குற்றமாம். கடையில் வெட்டினால் வணிகமாம்! இஃது அருளா? எளியோர் வழிபாட்டைப் பழிக்கும் மேட்டிமையன்றோ?

ஆயினும், சட்டம் வீழ்ந்ததால் வினா வீழ்ந்துவிடவில்லை. திருவள்ளுவர் அருளுடைமையை அடுத்தே புலான்மறுத்தலை வைத்தார். அதனையும் துறவறவியலில் வைத்தார். ஊன் மறுத்தல் ஆணையால் வருவதன்று, உள்ளத்தில் கனிவது. கனியும்வரை உண்பார்க்கும் கடனுண்டு: சரக்குந்தில் கால்கட்டி அடுக்காமை, நீரின்றி வாட்டாமை, துடிக்க விடாமை. வளர்த்தவன் கை நடுங்குகின்றது. வாங்கி உண்பவன் நெஞ்சும் ஒரு நொடி நடுங்கட்டும்!