பட்டனை அழுத்தினால் யாருக்குக் கேட்கும்?

 

டித்வா புயலுக்குப் பிறகு நம் பக்கத்துப் பொடியன்மார் மத்தியில் வோக்கிடோக்கி பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. 2025 நவம்பரில் நாட்டின் பல இடங்களில் கரண்டும் போய், டவரும் விழுந்து, சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர். ஆகவே ஆசை நியாயமானதுதான். ஆனால் "அவசர பட்டன் இருக்கு சேர், அழுத்தினாப் போதும்" என்று பழைய மாணவர் ஒருவர் சொன்னபோது, இதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

அவர் கையில் இருந்தது பௌஃபெங் யூவி-5ஆர். மலிவானது, பரவலாகப் பாவனையில் உள்ளது. அதன் பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் அலாரம் அடிக்கும். மெனுவில் அதற்கு மூன்று முறைகள் உண்டு. முதலாவதில் சத்தம் உங்கள் கையில் இருக்கும் செட்டில் மட்டும்தான் கேட்கும், காற்றில் எதுவும் போகாது. இரண்டாவதில் சைரன் ஒலி அந்த அலைவரிசையில் ஒலிபரப்பாகும். அது போய்க்கொண்டிருக்கும்வரை வேறு யாரும் அதில் பேச முடியாது. மூன்றாவதில் 119 என்ற இலக்கமும் செட்டின் அடையாள இலக்கமும் போகும். இங்கேதான் கவனம் தேவை. நமக்கு 119 என்றால் பொலிஸ். அந்த செட் சீனத் தயாரிப்பு, அங்கே 119 தீயணைப்புக்கான இலக்கம். அதை அழுத்தினால் காத்தான்குடிப் பொலிஸிலும் மணி அடிக்காது, வேறு எங்கும் அடிக்காது. அதே அலைவரிசையில், சில கிலோமீட்டருக்குள், செட்டைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர் இருந்தால் மட்டுமே பிரயோசனம்.

கடலுக்குப் போகும் வள்ளங்களில் பொருத்தும் டிஎஸ்சி வசதியுள்ள விஎச்எஃப் செட் வேறு விதம். மூடியிட்ட சிவப்பு பட்டனைச் சில செக்கன் பிடித்தால் 70ஆம் சனலில் வள்ளத்தின் அடையாள இலக்கம் போகும். ஜிபிஎஸ் இணைத்திருந்தால் நிற்கும் இடமும் போகும். இணைக்காவிட்டால் "யார்" என்று தெரியும், "எங்கே" என்று தெரியாது. பிறகு 16ஆம் சனலில் வாயால் சொல்லத்தான் வேண்டும்.

2004 சுனாமியில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தவர்கள் விக்டர் குணதிலக்கவும் அவருடைய அமெச்சூர் வானொலி நண்பர்களும். அவர்களிடம் இருந்தது விசேட பட்டன் அல்ல. அனுமதிப்பத்திரம், பல வருடப் பழக்கம், மறுமுனையில் காத்திருந்த ஆள். இந்த மூன்றும்தான்.

அனுமதிப்பத்திரம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. யுத்த காலத்தில் நம் பக்கத்தில் கையில் வயர்லெஸ் வைத்திருப்பவரை எப்படிப் பார்த்தார்கள் என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். பொடியன்மாரை அந்தச் சிக்கலில் மாட்டிவிட நான் தயாரில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஆரையம்பதிக்கு ஒரு அலைவரிசை, காத்தான்குடிக்கு ஒரு அலைவரிசை என்று பிரித்துக்கொண்டால் அதைவிட முட்டாள்தனம் இல்லை. கிழக்கே ஒரே கடல், மேற்கே ஒரே வாவி. 2012 ஏப்ரல் 11இல் சுனாமி எச்சரிக்கை வந்தபோது இரண்டு ஊரும் ஒரே வீதியில்தானே ஓடியது? பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு செட், கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு செட், இரண்டும் ஒரே சனலில். மழைக்காலத்தில் இரவு முறை போட்டுக் கேட்க ஆள். செய்தி வந்தால் 117க்கு எடுத்து உறுதிப்படுத்திய பிறகே ஒலிபெருக்கியில் சொல்வது. விளையாட்டுக்கு அலாரம் அடிப்பவரிடம் செட்டைத் திரும்ப வாங்கிவிடுவது.

மாரிக்கு முன் பிரதேச செயலகத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் கடிதம் போக வேண்டும். எழுதித் தர நான் தயார். ஆனால் இரண்டு ஊர் மீனவர் சங்கங்களின் முத்திரையும் ஒரே தாளில் விழ வேண்டும். யார் முதலில் வருகிறீர்கள்?