வால்பேப்பரும் வெள்ளை அடிக்காத சுவரும்

தேர்தலுக்குச் சுவர் பிடித்து எழுதிய காலத்தில் டோல்கேட் பக்கம் போனவர்களுக்கு இது தெரியும். பெயின்டர் வந்ததும் சின்னத்தை வரைய ஆரம்பிக்க மாட்டார். முதலில் சுண்ணாம்பு. அடியில் கிழிந்த சினிமா போஸ்டர் இருக்கலாம், போன தடவை எதிர்க்கட்சி எழுதியது இருக்கலாம், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அடித்த புழுதி இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை, அதற்கு மேலே எழுத்து. ஓடுகிற பஸ்ஸில் இருந்து பார்த்தாலும் வேட்பாளர் பெயர் தெரிய வேண்டுமே!

இந்தச் சின்ன விஷயம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு மட்டும் ஏனோ பிடிபடவில்லை.

முன்பு பிடிபட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. விண்டோஸ் 95, 98 காலத்தில் டெஸ்க்டாப் ஐகானின் பெயருக்குப் பின்னால் ஒரே நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். படத்தின் மேல் பார்க்க அசிங்கம்தான். அதை மறைக்கவே தனி சாஃப்ட்வேர் தேடி இறக்கியவர்கள் உண்டு. 2001-ல் எக்ஸ்பி வந்தது. பட்டை போய், வெள்ளை எழுத்தும் அதற்கு ஒரு நிழலும் வந்தன. கூடவே வந்த பச்சைப் புல்வெளி, நீல வானம் படத்தின் மேல் அது ஜோராகத் தெரிந்தது. சரி, எத்தனை பேர் அந்தப் புல்வெளியை அப்படியே விட்டு வைத்தார்கள்?

பிரவுசிங் சென்டரில் ஒருவர் அஜித் படம் வைப்பார், அடுத்தவர் வெள்ளைச் சட்டையில் விஜய் வைப்பார். மூன்றாவதாக வருபவர், தான் போட்டு வைத்த ஹால் டிக்கெட் ஃபைலை அந்தச் சட்டைக்குள் தேட வேண்டும். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் படம் பத்து விநாடிக்கு ஒரு முறை தானாகவே மாறும் வசதி வேறு. நேற்று படிக்க முடிந்த பெயர் இன்று காணோம்.

"நல்ல படமா வைங்க" என்பதுதான் இதற்குக் கிடைக்கும் பதில். தப்பு வைத்தவர் மேல் என்கிறார்கள். அப்படியானால் மாற்றும் வசதியை ஏன் கொடுத்தீர்கள்?

ஆங்கிலத்துக்காவது நிழல் ஓரளவு கைகொடுக்கும். தமிழில் புள்ளி ஒன்று மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். சின்ன அளவில் ண, ழ-வின் சுழிக்குள் நிழல் போய் அடைத்துக்கொள்ளும். 2008-ல் வந்த இணைய அணுக்க விதிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு கேட்கின்றன. போட்டோ மேல் எழுதினால் முதல் எழுத்துக்கு ஒரு கணக்கு, கடைசி எழுத்துக்கு இன்னொரு கணக்கு. எதை அளப்பது?

ஆப்பிள் மட்டும் யோக்கியமா என்ன? 2007-ல் மேக்கின் மேல் மெனுவைக் கண்ணாடி மாதிரி ஆக்கினார்கள். திட்டு வாங்கி, 2008 பிப்ரவரியில் அதை நிறுத்தும் வசதி கொடுத்தார்கள். 2025-ல் ஐபோன் முழுக்க மறுபடி கண்ணாடி. மறுபடி திட்டு. சில வாரங்களில் கண்ணாடிக்குச் சாயம் ஏற்றும் வசதி. பதினேழு வருஷத்தில் கற்றது இவ்வளவுதான் :-)

எழுத்துக்குப் பின்னால் பாதி தெரிகிற கறுப்புப் பட்டை போடுவது பெரிய வித்தை இல்லை. படத்தின் அந்த இடம் வெளிச்சமா இருட்டா என்று பார்த்து எழுத்தின் நிறத்தை மாற்றுவதும் இன்றைய மெஷினுக்கு ஒரு வேலையே இல்லை. அழகு கெடும் என்றுதான் பயம்.

அதுவரை ஹீரோ வலது பக்கம் நிற்கிற, இடது பக்கம் இருட்டாக இருக்கிற படமாகத் தேடி வைத்து, ஐகான்களை இடது ஓரம் வரிசை கட்டி நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.