ஆண்டு மட்டும் போதுமா? கரிமக் காலக்கணிப்பும் தமிழாய்வும்

ஒரகடம் தொழிற்சாலைகளில் திருகாணியை அளக்கும் கருவிக்கும் அளவுத்திருத்தச் சான்று கேட்பர். சங்ககாலத்தை அளக்கும் எண்ணுக்கு நாம் எதுவும் கேட்பதில்லை. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரியின் காலம் கி.மு. 580 எனத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. நம் கட்டுரைகளில் பெரும்பாலானவை அவ்வாண்டை மட்டுமே எடுத்தாளுகின்றன. கி.மு. 800 முதல் 400 வரை கரிமக் காலக்கணிப்பின் அளவுத்திருத்த வளைகோடு ஏறத்தாழத் தட்டையானது. அங்கு ஒரே அளவீடு சில நூற்றாண்டுகளுக்குப் பொருந்தும். அதை ஓராண்டாகச் சுருக்குவது, பிரதிபேதங்களை மறைத்துப் பதிப்பிப்பதை ஒக்கும். புறநானூற்றை உ.வே.சா. அவ்வாறு பதிப்பிக்கவில்லை. ஆய்வக எண், திருத்தப்படாத வயது, பிழை எல்லை, பயன்படுத்திய வளைகோடு ஆகிய நான்கும் இல்லாத காலக்கணிப்பை எடுத்தாளும் கட்டுரையை, அது எவ்வளவு உவப்பான ஆண்டைக் கூறினும், மதிப்பீட்டாளர் திருப்பியனுப்புதல் வேண்டும்.