தேறற் சொல்லும் தொன்மையூர்தியும்



இந்திய நடுவணரசு 2021 சூலைத் திங்களில் பழைய ஊர்திகட்கெனத் தனிப்பதிவு நெறிமுறை வகுத்தது. முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்த மகிழுந்துகளும் ஈருருளிகளும் அப்பதிவிற்குரியன. அடிச்சட்டம், மேற்கூடு, பொறி ஆகியவற்றிற் பெருமாற்றம் செய்திருத்தல் கூடாது. புதுப்பதிவிற்கு 20,000 உருபாவும் மறுபதிவிற்கு 5,000 உருபாவும் கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, ஆராய்ச்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்பல், பழுதுபார்ப்பு ஆகியவற்றிற்கே ஊர்தியை வெளிக்கொணரலாம். அன்றாடப் போக்குவரவிற்கோ வணிகத்திற்கோ ஓட்டலாகாது.

இரும்பின் பழவடிவு குலையாமற் காக்க இத்துணை விழிப்புக் காட்டியது நன்றே. ஆயின் பெயரிடுங்கால் அவ்விழிப்பு எங்கே போயிற்று? புதிய எண்பலகையில் மாநிலக் குறியை அடுத்து ‘வி.ஏ.’ என ஈரெழுத்துப் பொறிக்கின்றனர். ‘விண்டேசு’ என்பதன் குறியாம் அது. அச்சொல்லோ கொடிமுந்திரி அறுவடையைக் குறித்த இலத்தீன் சொல்வழி வந்து, ஆங்கிலத்தில் தேறல் பிழிந்த ஆண்டைக் குறித்துப் பின்னரே ஊர்திக்கு ஏறியது.

“பெயரில் என்ன உளது?” என்பார் உளர். உளது! தேறல் கிடந்த இடத்திற் கிடந்தே முதிரும். ஊர்தி கிடந்தாற் துருவேறும். ஐம்பதாண்டு அதனை ஓடவைத்தது காலமன்று; கிடைக்காத உறுப்பைக் கையாற் கடைந்து பொருத்திய கம்மியனின் உழைப்பே. தேறற் சொல் அவ்வுழைப்பை மறைக்கின்றது. ‘பழைய ஊர்தி’ எனின் கைமாறி விற்பதைக் குறிக்கும். ஆகலின் ‘தொன்மையூர்தி’ என்க.

முன்னரே பதிவுற்ற ஊர்திக்கு அதன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ள நெறிமுறை இடந்தருகின்றது. பளபளக்கும் புதுக்குறிக்கு மயங்கி அதனை இழக்கவேண்டா! 1969 சனவரி 14இல் தமிழ்நாடு எனப் பெயர் சூடுமுன் சென்னை மாநிலமாயிருந்த காலத்தில் இட்ட எண், அவ்வூர்தி தாங்கும் வரலாற்றுச் சான்றன்றோ? அடிச்சட்டத்தை மாற்றாதவன் எண்ணை மட்டும் ஏன் மாற்றவேண்டும்?

எண்பலகை எழுத்து ஆங்கிலமாகவே இருத்தல் வேண்டுமென்பது 1989ஆம் ஆண்டு நடுவண் நெறிமுறை. அது மாறப் போராடுவோம். அதுகாறும் படிவத்திலும் அலுவலகப் பலகையிலும் அணிவகுப்பு அழைப்பிதழிலும் ‘தொன்மையூர்தி’ என எழுதுவதைத் தடுப்பார் யார்? மாநிலப் போக்குவரவுத் துறை இன்றே எழுதுக! ஊர்தியுடையாரும் எழுதுக! இரும்பிற்குக் காட்டும் பரிவைச் சொல்லிற்கும் காட்டுக!