வெடித்தும் சாகாத நட்சத்திரம்: மங்கலான சூப்பர்நோவாக்கள் சொல்லும் கதை என்ன?

2008 நவம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த 14 வயது கரோலின் மூர், தொலைதூர கேலக்ஸி ஒன்றில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டுபிடித்தார். ‘எஸ்என் 2008எச்ஏ’ என்று பெயரிடப்பட்ட அது ஒரு சூப்பர்நோவா. ஆனால், ‘டைப் 1ஏ’ எனப்படும் வழக்கமான வெடிப்பைவிட சுமார் 100 மடங்கு மங்கல். ஏன் இப்படி?

டைப் 1ஏ என்றால் என்ன?

எரிபொருள் தீர்ந்த சூரியன் போன்ற நட்சத்திரம், கடைசியில் பூமி சைஸுக்குச் சுருங்கிவிடும். அதுதான் வெண்குள்ளன். அதன் எடை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது. இந்த எல்லையைக் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். அருகிலுள்ள நட்சத்திரத்திடமிருந்து வாயுவை இழுத்து இழுத்து எல்லையை நெருங்கினால், வெண்குள்ளன் மொத்தமாகச் சிதறிவிடும்.

அப்போ மங்கலானவை?

இவற்றை ‘டைப் 1ஏஎக்ஸ்’ என்கிறார்கள். நமத்துப்போன பட்டாசை நினைச்சுக்கோங்க. தீ பற்றும், ஆனால் முழுசா வெடிக்காது. வழக்கமான வெடிப்பில் வாயு விநாடிக்கு 10,000 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். 2008எச்ஏவில் சுமார் 2,000 மட்டுமே. அப்படியானால் நட்சத்திரத்தின் ஒரு பகுதி பிழைத்திருக்கலாம் இல்லையா?

ஆதாரம் இருக்கா?

சுமார் 11 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள என்ஜிசி 1309 கேலக்ஸியில் 2012இல் இப்படியொரு வெடிப்பு நடந்தது. ஹப்பிள் தொலைநோக்கி அதே இடத்தை 2005-06லேயே படம் பிடித்திருந்தது. பழைய படங்களைப் புரட்டியபோது, வெடித்த இடத்தில் ஒரு நீல நட்சத்திரம்! வெண்குள்ளனுக்கு வாயு கொடுத்த ஜோடி அதுதான் என்பது கணிப்பு. பல ஆண்டுகள் கழித்து ஹப்பிள் மறுபடி பார்த்தபோது, அந்த இடம் முன்பைவிடப் பிரகாசமாக இருந்தது. வெடித்தும் சாகாமல் உப்பிப்போன வெண்குள்ளனின் ஒளியாக அது இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நமக்கு இதனால் என்ன?

டைப் 1ஏ வெடிப்புகள், வாட்ஸ் தெரிந்த பல்பு மாதிரி. எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ, அவ்வளவு தூரம். பிரபஞ்சம் வேகமெடுத்து விரிகிறது என்ற, 2011இல் நோபல் பெற்ற கண்டுபிடிப்பே இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. அருகிலிருக்கும் மங்கலான 1ஏஎக்ஸை 1ஏ என்று தப்பாக எடுத்துக்கொண்டால், அது தூரத்தில் இருப்பதாகக் கணக்கு வரும்.

இதுவரை நிறமாலையைப் பார்த்து இவற்றைப் பிரித்தார்கள். ஆனால், 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட சிலியின் வேரா ரூபின் ஆய்வகம், 10 ஆண்டு கணக்கெடுப்பில் லட்சக்கணக்கான சூப்பர்நோவாக்களைக் காட்டப்போகிறது. ஒவ்வொன்றுக்கும் நிறமாலை எடுப்பது நடக்காத காரியம். ஒளி கூடிக் குறையும் விதத்தை மட்டும் வைத்தே ஆளை அடையாளம் காண வேண்டும். அதற்கு, இந்த மங்கல் வெடிப்புகளை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.